தோட்டா போல் பாய்ந்த பாப் ஹேஸ்

உலகிலேயே மிக விரைவாக ஓடக்கூடிய மனிதர் யார் என்று கேட்டால், நம் வகுப்பில் உள்ள அத்தனை பேரும் உசைன் போல்ட் என்று உடனே சொல்லிவிடுவோம். நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலில் வருபவருக்கே அந்தப் பட்டம் என்பது வழக்கம். ஆனால் அமெரிக்க நாட்டிலே இந்தக் கேள்விக்கு வேறொரு விடை சொல்வோரும் உண்டு. அங்கே ஆடப்படும் கால்பந்து ஆட்டத்தில் தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, பந்தைக் கையிடுக்கில் அணைத்துக்கொண்டு பாய்கிறார்களே, அவர்களுக்கு ஈடாக யாரும் ஓட முடியாது என்று அந்த ஆட்டத்தின் அன்பர்கள் வாதாடுவார்கள். ஓட்டப்பந்தய அன்பர்களோ அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த வழக்கிலே இரு தரப்பாருமே தங்கள் சாட்சியாகக் கூண்டில் ஏற்றக்கூடிய மனிதர் ஒருவர் இருந்தார். அவர்தான் ராபர்ட் லீ ஹேஸ். உலகம் அவரை பாப் ஹேஸ் என்றும், தோட்டா பாப் என்றும் அழைத்தது.

அவருடைய கதைக்குள் போகுமுன், தோழியரே, அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். பந்து உருண்டையாக இராது; இரு முனையும் கூர்ந்து முட்டை போல் இருக்கும். காலால் உதைப்பது குறைவு. கையால் எறிவதும், பிடிப்பதும், பிடித்தவரை மற்றவர்கள் இடித்துத் தள்ளுவதுமே மிகுதி. ஒவ்வோர் அணிக்கும் பதினொரு பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம். நம் அம்மாக்கள் புடவைக்குச் சொல்லும் அதே கெஜம்தான், 0.9144 மீட்டர். பந்தை எறிவதற்கென்று ஒருவர் இருப்பார். அவர் எறிவதைப் பிடிப்பதற்காக ஓரத்திலிருந்து முன்னே ஓடுபவர்கள் சிலர் இருப்பார்கள். பாப் ஹேஸ் அப்படி ஓடிப் பிடிப்பவர்.

அவர் 1942 டிசம்பர் 20ஆம் நாள் புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் பிறந்தார். கறுப்பின மக்களும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் படிக்கக் கூடாது, ஒரே மைதானத்தில் எதிர்த்து ஆடக் கூடாது என்று அந்தப் பகுதியில் விதி வைத்திருந்த காலம் அது. ஹேஸ் படித்த மாத்யூ கில்பர்ட் உயர்நிலைப் பள்ளி கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி. 1958ஆம் ஆண்டு அந்தப் பள்ளியின் கால்பந்து அணி ஆடிய 12 ஆட்டங்களிலும் வென்று, கறுப்பினப் பள்ளிகளுக்கான மாநில வெற்றி வீரர் பட்டத்தைப் பெற்றது. ஆனால் ஊருக்கு வெளியே யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்துத்தான் புளோரிடா மாநிலம் அந்த அணியைச் சிறந்த அணிகளுள் ஒன்றாக மதித்துப் பாராட்டியது. உலகமே பின்னால் வியந்து பார்த்த ஹேஸ் அந்த அணியிலே மாற்று ஆட்டக்காரராக இருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. முதல் வரிசையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை!

பள்ளிப் படிப்பு முடிந்ததும், டல்லஹாசி நகரில் கறுப்பின மாணவர்களுக்காக நடந்துவந்த புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அவருக்குக் கல்வி உதவி கிடைத்தது ஓட்டத்திற்காக அன்று, கால்பந்திற்காக. பயிற்சியாளர் ஜேக் கெய்தர் பேர் பெற்ற கால்பந்து ஆசான். அவர் பார்வையில் ஹேஸ் முதலில் கால்பந்து ஆட்டக்காரர். ஓட்டம் என்பது பருவம் மாறும்போது செய்யும் பக்க வேலை. இரண்டு களங்களும் அந்த இளைஞனை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்தது இப்படித் தொடங்கியது. ஒலிம்பிக் பந்தயம் நெருங்கிய 1964இல், ஹேஸைக் கால்பந்தில் அடிபடவிடாமல் ஓட்டப் பயிற்சிக்கு விடுவிக்கும்படி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சனே கெய்தரிடம் கேட்டுக்கொண்டதாகச் சொல்கிறார்கள். ஒரு மாணவனின் தொடைத் தசைக்காக ஒரு நாட்டின் தலைவர் கவலைப்பட்டிருக்கிறார் என்றால் அந்தக் கால்களின் மதிப்பை நாமே அறிந்துகொள்ளலாம்.

அவர் ஓடும் விதம் கண்ணுக்கு அழகாக இராது. மான் துள்ளுவதைப் போல் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அது பொய்யாகிவிடும். பாதங்கள் உட்புறமாகத் திரும்பியிருக்கும். தோள்கள் இப்பக்கமும் அப்பக்கமும் ஆடும். கனத்த உடம்பு. ஓட்டப்பந்தய வீரருக்குரிய மெலிந்த இடையும் மிதக்கும் நடையும் அவரிடம் இல்லை. தரையை மிதித்து நொறுக்குவது போல் ஓடுவார். அப்படியிருந்தும் 1963ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரில் 100 கெஜ தூரத்தை 9.1 விநாடியில் கடந்து உலக சாதனை செய்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் மணிக்கு 36 கிலோமீட்டர் வருகிறது. நின்ற நிலையிலிருந்து புறப்படும் நேரத்தையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. பின்னால் வந்தவர்கள் சிலர் அதே நேரத்தைத் தொட்டார்கள். ஆனால் 1974 வரை ஒருவராலும் அதை முறியடிக்க முடியவில்லை.

இனி டோக்கியோ. 1964 அக்டோபர் 15 அன்று நூறு மீட்டர் இறுதி ஓட்டம். இன்று நாம் தொலைக்காட்சியில் காணும் ரப்பர் போன்ற செயற்கைத் தளம் அப்போது இல்லை. உருட்டி இறுக்கிய மண் தளத்தில்தான் ஓட வேண்டும். அத்தகைய தளத்தில் நடந்த கடைசி ஒலிம்பிக் அதுதான். ஹேஸுக்குக் கிடைத்தது உட்புறத்து முதல் ஓடுபாதை. நெடுந்தூர நடைப் போட்டிக்காரர்கள் மிதித்து மிதித்து அந்தப் பாதையைக் குழியும் புழுதியுமாக ஆக்கி வைத்திருந்தார்கள். இது போதாதென்று இன்னொரு தொல்லையும் வந்தது. மைதானத்திற்கு வந்து பையைத் திறந்தால் ஆணிக் காலணியில் ஒன்றைக் காணோம்! விடுதியில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் குத்துச்சண்டை வீரர் ஜோ பிரேசியர். அவர் எதையோ தேடி ஹேஸின் பையைக் கிளறியபோது ஒரு காலணி கட்டிலுக்கு அடியில் போய்விட்டதாம். வேறு வழியின்றி, 800 மீட்டர் ஓட்டக்காரரான டாம் பேரலிடமிருந்து ஒரு காலணியைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டார். ஒரு கால் தன் காலணியில், மறு கால் பிறருடையதில்!

துப்பாக்கி வெடித்தது. பாதி தூரத்துக்குள் மற்ற ஏழு பேரும் இரண்டாம் இடத்துக்குத்தான் ஓடுகிறார்கள் என்பது தெளிவாகிவிட்டது. கியூபாவின் பிகரோலா இரண்டாவது, கனடாவின் ஹாரி ஜெரோம் மூன்றாவது. ஹேஸுக்கு 10.0 விநாடி என்று அறிவித்தார்கள். அது அன்றைய உலக சாதனைக்குச் சமம். மின்கருவி காட்டிய நுட்பமான நேரம் 10.06. பிகரோலாவுக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மீட்டர் இடைவெளி. இத்தனை குறுகிய ஓட்டத்தில் இரண்டு மீட்டர் என்பது மிகப் பெரிய தூரம். நம் பள்ளி விளையாட்டு விழாவில் உடற்பயிற்சி ஆசிரியையின் கைக்கடிகாரத்தில் முதலும் இரண்டாவதும் ஒரே நேரமாக விழுந்து, பிறகு சிஸ்டர்கள் கூடிப் பேசி முடிவு சொல்வதை நாம் பார்த்திருக்கிறோம். டோக்கியோவில் யாரும் கூடிப் பேச வேண்டியிருக்கவில்லை.

அரையிறுதியில் அவர் ஓடியது இதைவிட வியப்பானது. மின்கருவியின் கணக்கில் அங்கே அவர் 9.91 விநாடியில் ஓடிவிட்டார். ஆனால் முதுகுக்குப் பின்னாலிருந்து பலத்த காற்று வீசியதால் அது சாதனைக் கணக்கில் ஏறவில்லை.

ஆறு நாட்கள் கழித்து 4 x 100 மீட்டர் தொடரோட்டம். அமெரிக்க அணியிலே ஹேஸைத் தவிர வேறு ஆளில்லை என்று பிரெஞ்சு வீரர் ஒருவர் ஏளனம் செய்தார் என ஒரு கதை உண்டு. ஏளனத்தில் ஓரளவு உண்மையும் இருந்தது. டிரேட்டன், ஆஷ்வொர்த், ஸ்டெபின்ஸ் ஆகிய மூவரும் ஓடி முடித்துக் கோலை ஹேஸின் கையில் வைத்தபோது அமெரிக்கா ஐந்தாவது இடத்தில் இருந்தது. முன்னே நால்வர். இருப்பதோ நூறு மீட்டர். அந்த ஓட்டத்தின் படச்சுருளை இன்றும் காணலாம். முதல் சில அடிகளில் ஒன்றும் தெரியாது. பிறகு திடீரென்று மற்றவர்கள் நின்றுவிட்டது போல் தோன்றும். அவர்கள் நிற்கவில்லை, அவரவர் நாட்டின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்கள் அவர்கள். ஹேஸ் அவர்களை ஒவ்வொருவராகக் கடந்து, எல்லைக் கோட்டுக்குள் முதல் ஆளாக நுழைந்தார். நேரம் 39.0 விநாடி, உலக சாதனை. அவர் ஓடிய பகுதியைத் தனியே கணித்தவர்கள் 8.5 விநாடியிலிருந்து 8.9 விநாடி வரை பலவாறாகச் சொல்கிறார்கள். குறைந்த கணிப்பையே எடுத்துக்கொண்டாலும் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஓடிக்கொண்டே கோலை வாங்குவதால் புறப்படும் நேரம் இதில் சேராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த நூறு மீட்டருடன் ஓட்டப்பந்தய வாழ்வு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 21. உலகிலேயே வேகமான மனிதர் இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாமல் ஓடுபாதையை விட்டு இறங்கினார் என்றால் நம்ப முடிகிறதா? காரணம் எளியது. அந்தக் காலத்தில் ஓட்டப்பந்தயத்தில் பணம் இல்லை. விளையாட்டிலே கூலி வாங்கியவர் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளக் கூடாது என்ற விதி கடுமையாக இருந்தது. கால்பந்திலோ சம்பளம் இருந்தது. டல்லாஸ் கௌபாய்ஸ் என்னும் அணி முந்தைய ஆண்டே, ஏழாவது சுற்றில் 88ஆவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. அவருக்கு முன்னால் 87 பேரை அணிகள் விரும்பியிருக்கின்றன! ஓட்டக்காரனுக்குப் பந்து பிடிக்க வராது என்ற எண்ணம் அப்போது பலருக்கு இருந்தது.

அந்த எண்ணத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஜிம் ஹைன்ஸ் என்பவரை எடுத்துக்கொள்வோம். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் நூறு மீட்டரை 9.95 விநாடியில் ஓடித் தங்கம் வென்றவர். கடிகாரத்தின் கணக்கில் ஹேஸையும் மிஞ்சியவர். அவரும் மறு ஆண்டு மயாமி அணியில் கால்பந்து ஆடப் போனார். அங்கே அவர் பிடித்த பந்துகள் மொத்தம் இரண்டு. பந்து கைக்கு வந்து நழுவிப் போவதைக் கண்டு அவருக்குக் கேலிப் பெயர்கூட வைத்தார்கள்.

நம் சடுகுடு ஆட்டத்தை நினைத்தால் இது விளங்கும். வகுப்பில் நூறு மீட்டரில் முதலாவதாக வரும் பெண் சடுகுடுவிலும் முதலாவதாக இருப்பாள் என்று சொல்ல முடியாது. நேராக ஓடுவது வேறு. எதிரே வருபவரைப் பார்த்து நின்று, திரும்பி, குனிந்து, மறுபடியும் பாய்வது வேறு. அமெரிக்கர்கள் இப்போது ஆட்டக்காரர்களின் தோள்கவசத்துக்குள் சிறு கருவியை வைத்து வேகத்தை அளக்கிறார்கள். டைரீக் ஹில் என்ற வீரர் 2016இல் பந்தோடு ஓடியபோது மணிக்கு 37.4 கிலோமீட்டர் வேகம் பதிவாயிற்று. உசைன் போல்ட் 2009இல் பெர்லின் நகரில் 9.58 விநாடியில் ஓடியபோது அவருடைய உச்ச வேகம் மணிக்கு 44.7 கிலோமீட்டர் அளவில் இருந்தது. வேறுபாடு ஏழு கிலோமீட்டர். ஆனால் போல்ட் அந்த உச்சத்தை எட்டியது 60 மீட்டரைத் தாண்டிய பிறகு. கால்பந்து மைதானத்தில் அறுபது மீட்டர் நேரான பாதையை யார் விட்டுவைப்பார்கள்? அதற்குள் இரண்டு பேராவது மேலே வந்து விழுந்துவிடுவார்கள்.

கால்பந்துக்காரர்கள் தங்கள் வேகத்துக்குச் சான்றாகக் காட்டுவது நாற்பது கெஜ ஓட்டம். 2024இல் சேவியர் வொர்த்தி என்ற இளைஞர் அதை 4.21 விநாடியில் ஓடினார். போல்ட் ஓய்வு பெற்ற பிறகு, 2019இல், விளையாட்டாக அதே தூரத்தை ஆணியில்லாத காலணியுடன் ஓடிக் காட்டியபோது 4.22 விநாடி என்றார்கள். அப்படியானால் இருவரும் சமமா? இங்கேதான் கடிகாரத்தை உற்றுப் பார்க்க வேண்டும். கால்பந்துத் தேர்வில் ஓடுபவர் தாமாக அசைந்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும். ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி வெடித்த உடனே தொடங்கிவிடும். ஒலி காதில் விழுந்து கால் கிளம்புவதற்குள் சுமார் 0.15 விநாடி கரைந்துவிடுகிறது. ஆகவே இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுவது, படியால் அளந்த அரிசியையும் தராசில் நிறுத்த அரிசியையும் ஒப்பிடுவது போலத்தான்.

ஒரே கடிகாரத்தின் முன் இருவகையாரும் நின்றதும் உண்டு. டீ. கே. மெட்காப் என்ற கால்பந்து வீரர், நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவர், 2020இல் எதிரணிக்காரர் ஒருவர் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியபோது வெகு தொலைவிலிருந்து துரத்திப் பிடித்துப் புகழ் பெற்றார். அவர் 2021 மே மாதம் கலிபோர்னியாவில் உண்மையான ஓட்டப்பந்தய வீரர்களுடன் நூறு மீட்டர் ஓடினார். 10.36 விநாடி. தம் பிரிவில் கடைசி. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அந்த எடையோடு அத்தனை வேகமா என்று ஓட்டக்காரர்களே வியந்தார்கள். இந்த 10.36ஐ ஹேஸின் 10.06க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். செயற்கைத் தளத்தில் ஓடியவரைவிட, 57 ஆண்டுகளுக்கு முன் குழி விழுந்த மண்ணிலே, கடன் வாங்கிய காலணியில் ஓடியவர் மூன்று மீட்டர் முன்னால் நிற்கிறார். வழக்கிலே தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்கிருந்தால், வேகம் ஓட்டக்காரர்களுடையதே என்று எழுதிவிட்டு, அந்த வேகத்தைப் பயன்படுத்தத் தெரிந்த கால்பந்துக்காரர் ஹேஸ் என்று அடுத்த வரியில் எழுதுவேன்.

ஏனென்றால், ஹேஸுக்குக் கைகளும் இருந்தன. 1965இல் டல்லாஸ் அணியில் ஆடிய முதல் ஆண்டிலேயே 46 பந்துகளைப் பிடித்து 1,003 கெஜம் முன்னேறினார். அடுத்த ஆண்டு 64 பந்துகள், 1,232 கெஜம். 1966 நவம்பர் 13 அன்று வாஷிங்டன் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 246 கெஜம்; அதிலே டான் மெரிடித் எறிந்த ஒரு பந்தைப் பிடித்து ஓடியதுமட்டும் 95 கெஜம். 1960இல் தொடங்கிய டல்லாஸ் அணி, ஹேஸ் வரும்வரை ஓர் ஆண்டிலாவது தோல்வியைவிட வெற்றியை மிகுதியாகக் கண்டதில்லை. அவர் வந்த முதல் ஆண்டில் வெற்றியும் தோல்வியும் சமமாயின. இரண்டாம் ஆண்டில் அணி இறுதிப் போட்டிக்கே போய்விட்டது. பயிற்சியாளர் டாம் லாண்ட்ரியின் திறமையும் மற்ற ஆட்டக்காரர்களின் உழைப்பும் அதில் உண்டு என்றாலும், எதிரணிகள் இரவில் தூக்கம் கெட்டது ஹேஸை எண்ணித்தான்.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதுவரை பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில்தான் காவல். பந்து பிடிக்க ஓடுபவரின் நிழல் போல ஒரு காவற்காரர் கூடவே ஓட வேண்டும். ஹேஸுக்கு நிழலாக ஓட எந்த அணியிலும் ஆள் இல்லை. பத்து கெஜத்துக்குள் நிழல் பின்தங்கிவிடும். இருவரை விட்டுப் பார்த்தார்கள். அப்போது வேறொருவர் தனியாக நிற்பார், பந்து அவருக்குப் போய்விடும். ஆகவே ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கும் முறையை அணிகள் கையில் எடுத்தன. மைதானத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தம் பகுதியில் நின்று, அங்கே வருபவரை மடக்குவது. இது முன்பே தெரிந்த முறைதான். ஆனால் எல்லா அணிகளும் இதை நாடும்படி செய்தவர் என்ற பெயர் ஹேஸுக்கே கிடைத்தது. கூடவே, அவர் வேகம் எடுக்குமுன் புறப்படும் இடத்திலேயே மார்பில் இடித்துத் தடுக்கும் பழக்கமும் பரவியது. ஓடுபாதையில் ஹேஸால் கடிகாரத்தின் எண் மட்டும் மாறிற்று. இங்கே எதிரே நின்றவர்கள் ஆடும் முறையே மாறிவிட்டது.

எல்லா நாளும் திருநாளாக இருக்கவில்லை. 1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பே நகரில் நடந்த இறுதிப் போட்டியைப் பனிப் போட்டி என்றே இன்றும் அழைக்கிறார்கள். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 25 டிகிரி! வெயில் மண்ணான புளோரிடாவில் பிறந்த ஹேஸுக்குக் கைகள் விறைத்துப்போயின. பந்து தமக்கு வராத வேளைகளில் கைகளைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு நின்றார். எதிரணியினர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கை உள்ளே இருந்தால் பந்து ஹேஸுக்கு இல்லை. கை வெளியே வந்தால் அவரைச் சூழ்ந்துகொள்ளலாம். டல்லாஸ் 17–21 என்ற கணக்கில் தோற்றது. கால்களின் வேகத்தை ஒளிக்க வேண்டியதில்லை; கைகளை ஒளித்தது வினையாயிற்று.

1971 ஜனவரியில் சூப்பர் பவுல் எனப்படும் பெரும் போட்டியில் டல்லாஸ் மூன்று புள்ளிகளில் தோற்றது. மறு ஆண்டு, 1972 ஜனவரி 16 அன்று, நியூ ஆர்லியன்ஸ் நகரில் மயாமி அணியை 24–3 என்று வென்றது. பந்து எறிந்தவர் ரோஜர் ஸ்டாபக். கத்தோலிக்கரான இவர் கடற்படைக் கல்லூரியில் படித்தவர் என்பதை நம் சிஸ்டர்களுக்காக இங்கே சேர்க்கிறேன். வென்ற அணியினர் ஒவ்வொருவருக்கும் மோதிரம் தருவது அங்கே மரபு. ஒலிம்பிக் தங்கப் பதக்கமும் சூப்பர் பவுல் மோதிரமும் ஒருசேரப் பெற்றவர் ஹேஸ் ஒருவரே. 1975இல் அவரை சான் பிரான்சிஸ்கோ அணிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே சில ஆட்டங்களோடு எல்லாம் முடிந்தது. பிடித்த பந்துகள் 371. முன்னேறிய தூரம் 7,414 கெஜம். ஒரு பிடிக்குச் சராசரி இருபது கெஜம் என்பது அந்த ஆட்டத்தில் அரிது.

இதற்கு மேல் எழுத மனம் தயங்குகிறது. ஆனால் வாழ்க்கை வரலாறு என்று எழுத வந்தபின் இனிப்பானதை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. ஓட்டமும் ஆட்டமும் நின்ற பிறகு மதுவும் போதைப் பொருளும் அவரைப் பற்றிக்கொண்டன. 1978இல், மாறுவேடத்தில் வந்த காவலரிடம் போதைப் பொருள் விற்றார் என்று கைதானார். 1979இல் தண்டனை பெற்று, டெக்சாஸ் சிறையில் பத்து மாதங்கள் இருந்தார். எண்பதாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டிய மனிதர் கம்பிக் கதவுக்குப் பின்னால் இருந்தார்.

சிறைக்குப் போனவரைப் பற்றிப் பெண்கள் பள்ளி மலரில் எழுத வேண்டுமா என்று யாரேனும் கேட்கலாம். சிறையில் இருப்போரைச் சந்திப்பதை இரக்கச் செயல்களுள் ஒன்றாக மறைக்கல்வி வகுப்பில் நாம் படிக்கிறோம். அப்படியிருக்க, சிறையிலிருந்து வெளியே வந்தவரின் கதையைப் படிப்பதில் குற்றம் இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

வெளியே வந்தபின் அவர் ஒரே நாளில் மாறிவிடவில்லை. குடிப்பழக்கத்தோடு பல ஆண்டுகள் போராடினார். மருத்துவ இல்லங்களில் தங்கினார். ஆனால் 1994இல் ஒரு செயல் செய்தார். ஐம்பது வயதைக் கடந்த அவர் தம் பழைய பல்கலைக்கழகத்துக்கே திரும்பிப் போய், இளமையில் பாதியில் விட்ட படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினார். என்ன பாடம் தெரியுமா? தொடக்கப் பள்ளிக் கல்வி. சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் படிப்பு. அவருடைய பதக்கங்களைவிட இந்தப் பட்டம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இரு களங்களும் அவரை எப்படி நினைவில் வைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டக்களம் தாராளமாக நடந்துகொண்டது. அமெரிக்க ஓட்டக்கள வீரர்களின் புகழ் மண்டபத்தில் 1976ஆம் ஆண்டிலேயே அவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். ஆடும் முறையையே மாற்றியவர் என்று புகழ்ந்த கால்பந்து உலகம்தான் ஆண்டுக்கணக்காகக் காக்க வைத்தது. டல்லாஸ் அணி தன் சிறந்த வீரர்களின் பெயர்களை மைதானத்தின் சுவரில் பொறித்து வைக்கும். அவரைவிடக் குறைவாகச் சாதித்த பலருக்கும் பெருமைகள் வந்து சேர்ந்தன. அவர் பெயரோ 2001 செப்டம்பர் 23 அன்றுதான் அங்கே ஏறியது. அதற்குள் உடல் நோயால் மிகவும் தளர்ந்திருந்தது. இருந்தும் மைதானத்துக்கு நேரில் வந்து தம் பெயரைக் கண்ணால் பார்த்தார். மறு ஆண்டு, 2002 செப்டம்பர் 18 அன்று, பிறந்த ஊரான ஜாக்சன்வில்லிலேயே சிறுநீரகம் செயலிழந்து காலமானார். வயது 59.

கால்பந்தின் பெரிய புகழ் மண்டபம் ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் நகரில் இருக்கிறது. 2004இல் அவர் பெயர் இறுதிச் சுற்றுவரை வந்து தள்ளுபடியானது. தேர்வுக் குழுவில் இருந்த பால் சிம்மர்மன் என்ற பத்திரிகையாளர் அதைப் பொறுக்க மாட்டாமல் குழுவிலிருந்தே விலகுவதாக அறிவித்தார். பிறகு மனம் மாறித் திரும்பி வந்தார். ஆட்டத்தின் கணக்கைப் பார்த்தார்களா, சிறையின் கணக்கைப் பார்த்தார்களா என்று அப்போது பலரும் பேசிக்கொண்டார்கள். கடைசியில் 2009 ஆகஸ்ட் 8 அன்று அவருக்கு அந்த மண்டபத்தில் இடம் கிடைத்தது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை. பந்து எறிந்த தோழர் ஸ்டாபக்கும் அவருடைய மகனும் அவர் சிலையின் திரையை விலக்கினார்கள்.

வாஷிங்டனில் அவர் ஒரே நாளில் எடுத்த 246 கெஜம் டல்லாஸ் அணியின் சாதனையாக அதுவரை யாரும் தொடாமல் நின்றிருந்தது. சிலை திறந்த இரண்டு மாதங்களில், 2009 அக்டோபர் 11 அன்று, மைல்ஸ் ஆஸ்டின் என்ற இளம் வீரர் 250 கெஜம் எடுத்து அதைத் தாண்டினார்.